தங்கப் பொறிக்கு மருந்து கலக்க வேண்டியதில்லை

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. கொருக்குப்பேட்டையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சிறு வயதில் திருவொற்றியூர் தாத்தா வீட்டில் புஸ்வாணம் கொளுத்தினால் தங்கத்தைத் தூவியது போல மெதுவாக எழும்பி மெதுவாக விழும். இப்போது வாங்குவதெல்லாம் கண்ணைக் கூசும் வெள்ளை, இல்லையென்றால் படபடவென்று பொரிகிறது. வெளிநாட்டில் பொழுதுபோக்காகத் தாங்களே வாணம் செய்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்தேன். ஆலம் விழுது போல வானத்திலிருந்து தங்கப் பொறி இறங்குகிறது. என் பட்டறையில் இரும்புத் தூள் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வெடியுப்பு, கந்தகம், கரியோடு அதை எந்த அளவில் சேர்த்தால் அந்த நிறம் வரும்? தீக்குச்சி மருந்தைச் சுரண்டிப் போட்டாலும் வருமா? இந்தக் கார்த்திகைக்கு என் இரண்டு பிள்ளைகளுக்கும் காட்ட ஆசை.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிவகாசியில் பட்டாசு ஆலைகளின் ஆய்வுக்கூடத்தில் 26 வருடம் வேதியியலராக இருந்துவிட்டு, இப்போது ராயபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் 'சத்தம் பெரிதாக வர என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டவர்கள்தான் அதிகம். தங்க நிறம் கேட்டவர்கள் குறைவு. அதனால் உங்கள் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அளவு சொல்ல மாட்டேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அந்தத் தங்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அது தெரிந்துவிட்டால் உங்களுக்கு வெடியுப்பே தேவைப்படாது.

பச்சை, சிவப்பு வெளிச்சத்துக்கெல்லாம் அதற்கென்று ஒரு உப்பு வேண்டும். பேரியம் பச்சை தரும், ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு தரும். தங்கப் பொறிக்கு அப்படி ஒரு உப்பு கிடையாது. அது சூட்டின் நிறம். ஒரு சிறு துகள் 1000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடானால் ஆரஞ்சாகத் தெரியும். 1500-ஐ ஒட்டி வரும்போது பொன் மஞ்சள். 2500, 3000 என்று போனால் வெள்ளை. கரியும் இரும்பும் எரியும்போது பெரும்பாலும் அந்தப் பொன் மஞ்சள் பக்கத்தில் நிற்கின்றன. டைட்டானியமும் மெல்லிய அலுமினியத் தூளும் அதைத் தாண்டி வெள்ளைக்குப் போய்விடுகின்றன. கடையில் வாங்கும் புஸ்வாணம் வெள்ளையாக வருவதற்கு இந்த உலோகத் தூள்கள்தான் காரணம். வாங்குகிற ஜனங்கள் வெளிச்சம் கேட்டார்கள், செய்கிறவர்கள் வெளிச்சம் கொடுத்தார்கள். அகல் விளக்கின் சுடர் ஏன் பொன்னாக இருக்கிறது? சுடருக்குள் நுண்ணிய கரித்துகள்கள் கனல்கின்றன. உங்கள் தாத்தா வீட்டுப் புஸ்வாணத்தில் நீங்கள் பார்த்ததும் அதே கரிதான், கொஞ்சம் பெரிய துகளாக.

சொல்லப்போனால் வாணவேடிக்கையின் ஆதி நிறமே இதுதான். 1786-இல் பெர்த்தோலே என்ற பிரெஞ்சு வேதியியலர் பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டுபிடித்தார். 19ஆம் நூற்றாண்டில் அது வாணக்காரர்கள் கைக்கு வந்த பிறகுதான் அழுத்தமான பச்சையும் சிவப்பும் வந்தன. அதற்கு முன் பெரிய அரண்மனை வாணவேடிக்கைகூடப் பெரும்பாலும் பொன்னும் வெள்ளையும்தான். சீனாவில் உடைந்த வார்ப்பிரும்புச் சட்டிகளை நொறுக்கி மணல் போலாக்கிச் சேர்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் எழுதி அனுப்பித்தான் அந்த முறை ஐரோப்பாவுக்கு விவரமாகத் தெரிந்தது.

கரிப் பொறிக்கும் இரும்புப் பொறிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள நீங்கள் எங்கும் போக வேண்டாம். உங்கள் பட்டறையிலேயே கிரைண்டர் இருக்குமே. கண்ணாடி போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மைல்டு ஸ்டீல் துண்டைக் கல்லில் வையுங்கள். நீண்ட கோடுகளாகப் போகும், நுனியில் ஒன்றிரண்டு கிளை பிரியும். அடுத்து ஒரு பழைய அரத்தை வையுங்கள். கோடு குட்டையாகும், ஆனால் ஒவ்வொன்றும் பூவாக வெடித்துக் கிளை கிளையாகப் பிரியும். அரத்தில் கார்பன் அதிகம். உருகி எரியும் இரும்புத் துளிக்குள் அந்தக் கார்பன் வாயுவாக மாறி, துளியை உள்ளிருந்து உடைக்கிறது. உடைந்த ஒவ்வொரு சில்லும் மறுபடி ஒரு பொறி. பெரிய பட்டறைகளில் அனுபவசாலிகள் பொறியைப் பார்த்தே இது எந்த ஸ்டீல் என்று சொல்வார்கள். உங்களுக்கும் அந்தக் கண் இருக்கும். கம்பி மத்தாப்பில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெறிப்பது இதே சங்கதிதான்.

கரி அப்படிக் கிளை பிரியாது. அது உருகாது, வெடிக்காது. காற்றில் மிதந்தபடி மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து தேயும். அதனால்தான் அது நின்று நிதானமாக, இறங்க இறங்கச் சிவந்துகொண்டே வருகிறது. நீங்கள் வீடியோவில் பார்த்த விழுது போன்ற பொறி கரிப் பொறிதான். உங்கள் மூட்டை இரும்புத் தூளைக் கொண்டு அந்த மெதுவான இறக்கத்தை வரவழைக்கவே முடியாது தம்பி. தேடுகிற பொருளும் கையில் இருக்கிற பொருளும் வேறு வேறு.

சரி, ஏன் அளவு சொல்ல மாட்டேன் என்கிறேன்?

லேத் தூளில் சுத்த இரும்பு மட்டும் இருக்காது. கட்டிங் ஆயில், பித்தளைச் சீவல், அலுமினியச் சீவல், கிரைண்டர் கல்லின் துகள் எல்லாம் சேர்ந்திருக்கும். கல்துகள் இரும்பைவிடக் கடினம். கலவையில் அது கலந்தால், கிளறும்போது ஏற்படும் உராய்வே பற்றவைக்கப் போதும். இரும்பும் கந்தகமும் ஈரத்தோடு சேர்ந்தால் தானாகச் சூடேறும். அலுமினியம் ஈரத்தில் வெடியுப்போடு சேர்ந்தாலும் அப்படித்தான். நீங்கள் நெருப்பே வைக்க வேண்டாம், அதுவாகவே பற்றிக்கொள்ளும்.

இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், ஐப்பசி மழை நாள். நான் வேலை பார்த்த ஒரு ஆலையில் முந்தின நாள் மாலை மிஞ்சிய ஈர மருந்தை ஒரு பேசினில் மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சிய மருந்தை இரவு வைக்கவே கூடாது. அன்றைக்கு மழைக்குப் பயந்து அவசரமாகக் கிளம்பியிருக்கிறார்கள். காலையில் நானும் ஃபோர்மேனும் அந்த அறை வாசலுக்கு வந்தோம். உள்ளே நாலு பேர் வேலைக்கு உட்காரப் போகிறார்கள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "சார், மூத்திர வாடை வருதா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் உள்ளே போய் பேசினின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அடுத்த நொடி, "எல்லாரும் வெளிய போங்க, செருப்பை எடுக்காதீங்க" என்று கத்தினார். அது அம்மோனியா வாடை. உள்ளே அலுமினியம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நாங்கள் மண்மேட்டுக்குப் பின்னால் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, அறையின் கூரை இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய மூக்கு எங்களைக் காப்பாற்றியது.

அங்கே அந்த அறை தனியாக நின்றது. பக்கத்து அறைக்கு இடைவெளி இருந்தது. நாலு பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது என்று விதி. உள்ளே நுழையும்முன் உடம்பின் மின்னேற்றம் இறங்க ஒரு செம்புத் தகட்டைத் தொட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மருந்து கலவை முடிந்துவிட வேண்டும். நைலான் சட்டை போட்டு யாரும் வரக் கூடாது. இத்தனையும் இருந்தே நடந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டு அடுப்படி இருக்கிற கொருக்குப்பேட்டைச் சந்தில், வெல்டிங் தீப்பொறி பறக்கிற பட்டறையில், அந்த ஃபோர்மேனின் மூக்கு யாருக்கு இருக்கிறது? பட்டாசுத் தீக்காயத்தோடு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குப் போகிற குழந்தைகளின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். அதை இங்கே விவரிக்க எனக்கு மனம் வரவில்லை.

தீக்குச்சி மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த பட்டாசுக் கலவையை நம் அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. உரசினால் போதும், இடித்தால் போதும், சில நேரம் சும்மா வைத்திருந்தாலே போதும், அது வெடிக்கும். சின்ன வயதில் சைக்கிள் ஸ்போக்கில் தீக்குச்சி மருந்தை அடைத்து விளையாடியவர்கள் நம் பகுதியில் நிறைய பேர் உண்டு, நீங்களும் செய்திருக்கலாம். அதில் கண் போனவர்களும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் பட்டாசு தயாரித்தால் மூன்று ஆண்டு வரை சிறை. நீங்கள் பார்த்த வீடியோக்காரர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களாக இருப்பார்கள். அங்கே அதற்கென்று சங்கங்கள் இருக்கின்றன, அரசு உரிமம் இருக்கிறது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வீடே இல்லாத நிலம் இருக்கிறது. வீடியோவில் பொறி மட்டும்தான் தெரியும், அந்த நிலம் தெரியாது.

இப்போது உங்கள் தங்கத்துக்கு வருவோம். நம் ஊரில் அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் நீங்கள் கேட்கிற அதே கார்த்திகைக்கு. மாவலி. கரித்தூள் சுருளைக் கனலவைத்துக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே சுற்றுவது. சில ஊரில் மாவளி என்பார்கள், கார்த்திகைப் பொறி என்றும் சொல்வார்கள். உங்கள் தாத்தா அதைச் சுற்றியிருப்பார் என்று பந்தயம் கட்டுவேன். திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரருக்கு வருடத்தில் மூன்று நாள் மட்டும், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிக் கவசம் திறப்பார்கள் அல்லவா, அதே நாட்கள்தான் மாவலியின் நாட்களும்.

அதில் வெடியுப்பும் இல்லை, கந்தகமும் இல்லை, வெறும் கரி. பட்டாசு மருந்து எரியத் தேவையான ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, அதனால்தான் அதை நிறுத்த முடியாது. மாவலி காற்றில் இருக்கும் ஆக்சிஜனை நம்பி எரிகிறது. வேகமாகச் சுற்றினால் காற்று கிடைத்துப் பொறி பறக்கும், நிறுத்தினால் அடங்கும். கட்டுப்பாடு உங்கள் கையில்.

ஆண் பனையின் காய்ந்த பூங்கதிர் வேண்டும். மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கம் பனை இன்னும் நிற்கிறது. பழவேற்காட்டில் ஓலை பின்னுகிற பெண்களைக் கேட்டால் யாரிடம் கிடைக்கும் என்று வழி சொல்வார்கள். கதிரை நன்றாகக் காயவைத்து, ஒரு சின்னக் குழியில் போட்டுக் கொளுத்தி, தணலானதும் மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். திறந்து விட்டால் சாம்பலாகிவிடும். மறுநாள் எடுத்தால் கையில் எடை தெரியாத கரி கிடைக்கும், விரலில் நசுக்கினால் நொறுங்கும். அந்த இலேசுதான் பொறிக்கு உயிர். கனமான கரித்துகள் தொப்பென்று விழும், இலேசான துகள் காற்றில் நின்று எரியும்.

ஆலைக்காரனாக ஒரு எச்சரிக்கை. புதுக் கரியை உடனே இடித்துக் குவித்து வைக்காதீர்கள். புதுக் கரி காற்றை இழுத்துத் தானே சூடாகும், குவியலுக்குள் பற்றிக்கொள்வதும் உண்டு. இரண்டு நாள் தரையில் பரப்பி ஆறவிட்டு, அப்புறம் இடியுங்கள். இடிக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், பக்கத்தில் விளக்கோ பீடியோ வேண்டாம். மாவு போல நைஸாக இடிக்க வேண்டாம், கொஞ்சம் கொரகொரப்பு இருக்கட்டும். மாவாக இருந்தால் பிறந்த இடத்திலேயே எரிந்து தீரும்.

அந்தத் தூளைப் பழைய பருத்தித் துணியில், பழைய வேட்டியே நல்லது, நீளமாக வைத்து இறுக்கிச் சுருட்டி நூலால் கட்ட வேண்டும். பனைமட்டையைப் பிளந்து மூன்று பட்டைகளாக்கி, நடுவில் இந்தச் சுருளை வைத்து, மேலும் கீழும் கட்ட வேண்டும். மட்டையின் ஒரு முனையில் கயிறு. நீங்கள் பட்டறைக்காரர் என்பதால் ஒரு யோசனை: மட்டையை ஒட்டிய முதல் அரை அடி மட்டும் கயிற்றுக்குப் பதில் கம்பியாக இருக்கட்டும். நெருப்புக்குப் பக்கத்தில் கயிறு இருந்தால் கருகி அறுந்துவிடும். அறுந்த மாவலிதான் இதில் இருக்கிற பெரிய ஆபத்து. சுருளின் கீழ் முனையில் ஒரு தணல் துண்டை வைத்து ஊதி, துணி கனலத் தொடங்கியதும் மெதுவாக ஆட்டி, பிறகு தலைக்கு மேலே சுற்ற வேண்டும். முதல் நாலைந்து சுற்றில் ஒன்றும் வராது, ஏமாற்றமாக இருக்கும். அப்புறம் திடீரென்று உங்களைச் சுற்றி ஒரு தங்கக் குடை விரியும். சர்ரென்று ஒரு மெல்லிய ஓசை வேறு. பொறி கீழே இறங்கும்போது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று ஒவ்வொன்றாக மாறி அணையும். அந்த இறக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுங்கள்.

சுற்றுகிறவர் நீங்கள் ஒருவர்தான். பிள்ளைகள் இருபது முப்பது அடி தள்ளி, காற்று வருகிற பக்கத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். எல்லாரும் பருத்தி உடை, மூடிய செருப்பு. உங்களுக்குத் தலையில் ஈரத் துண்டு, கண்ணுக்குப் பட்டறைக் கண்ணாடி. மாடியில் வேண்டாம். மின்கம்பி தொங்குகிற தெருவில் வேண்டாம். காசிமேடு பக்கம் வலையும் டீசலும் இருக்கும், அங்கேயும் வேண்டாம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, மணலி எண்ணெய்க் கிடங்குகளின் பக்கத்தில் நினைக்கவே கூடாது. அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு பள்ளி மைதானத்தில், மண் தரையில் செய்யுங்கள். யாருக்காவது சூடு பட்டால், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். டூத் பேஸ்ட், இங்க், நெய் எதையும் தடவ வேண்டாம்.

சிலர் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் போன்ற மெல்லிய இரும்பு நாரைக் கூண்டில் வைத்துக் கொளுத்திச் சுற்றிப் படம் எடுக்கிறார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் தெறிப்பது உருகிய இரும்புத் துளி. கரித்துகள் தோலில் பட்டால் சுரீர் என்று சுட்டுவிட்டு உதிரும், இரும்புத் துளி ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அது வேண்டாம்.

மாவலிக்குப் பனங்கதிர் கிடைக்கவில்லை என்றால், தீபாவளி நேரத்தில் தீவுத்திடல் கடைகளில் சாதா கம்பி மத்தாப்பு கேட்டு வாங்கி எடுத்து வையுங்கள். கலர் என்றோ கிராக்கிளிங் என்றோ எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள். பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்துவிட்டது, முத்திரை இல்லாத பெட்டியில் அது இருக்கலாம். கிளை பிரிகிற இரும்புப் பொறி அதில் கிடைக்கும்.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. தங்கம் மங்கலான வெளிச்சம். எல்.இ.டி. தெருவிளக்கின் கீழே எந்தத் தங்கப் பொறியும் வெளுத்துத்தான் தெரியும். உங்கள் தாத்தா வீட்டுத் தெருவில் அன்றைக்கு ஒரு குண்டு பல்பு எரிந்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் கால மருந்து பாதி வேலை செய்தது, இருட்டு மீதியைச் செய்தது. மைதானத்தின் இருண்ட மூலையாகப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். செல்போனில் படம் எடுப்பதானால் நிறத்தைத் தானாகச் சரிசெய்கிற ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்துக்கு வையுங்கள், இல்லையென்றால் போன் தங்கத்தை வெள்ளையாக்கிவிடும். எக்ஸ்போஷரையும் கொஞ்சம் குறையுங்கள்.

முடிந்ததும் மாவலியைத் தூக்கி ஒரு ஓரமாகப் போட்டுவிட்டு வராதீர்கள். வெளியே கறுத்திருந்தாலும் சுருளின் நடுவில் கரி மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் முழுவதுமாக அமுக்கி, குமிழி நின்ற பிறகும் காலை வரை அதிலேயே கிடக்கட்டும். பனங்கதிரை இப்போதே சொல்லி வையுங்கள் தம்பி, கார்த்திகை நெருங்கிய பிறகு கேட்டால் காய்ந்தது கிடைக்காது.